'சொன்ன மாதிரி இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடு!' ஆன்லைன் ஏலத்தில் பழைய சாமான் விற்பவர்கள் உஷார்

காரைக்குடி:

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால், செட்டிநாட்டு வீடுகளில் புழங்கிய பழைய சாமான்கள் கடை கடையாகக் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். மங்குச் சாமான், பித்தளை அண்டா, மரப்பெட்டி, ரவிவர்மா படம், தேக்குத் தூண் என்று எல்லாம் கிடைக்கும்.

முன்பெல்லாம் வாங்குகிறவர் நேரில் வருவார். தட்டிப் பார்ப்பார், தடவிப் பார்ப்பார், பேரம் பேசுவார். தூக்கிக்கொண்டு போய்விட்டால் கதை முடிந்தது. ஊரில் நடக்கும் ஏலமும் அப்படித்தான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இப்போது அதே மங்குத் தூக்குச்சட்டியை செல்போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பிலும் பேஸ்புக்கிலும் ஏலம் விடுகிறார்கள். வெளிநாட்டுக்கு என்றால் ஈபே. நல்ல விலைக்குப் போய்விட்டது என்று சந்தோஷமாக பார்சல் அனுப்புகிறார்கள். பத்து நாள் கழித்து ஒரு மெசேஜ் வருகிறது. "நீங்க சொன்ன மாதிரி இல்லை, பணத்தைத் திருப்பி அனுப்புங்க."

விற்றவருக்குக் கோபம் வருவது சகஜம்தான். "ஏலத்துல எடுத்ததை எந்த ஊர்லயா திருப்பி எடுக்கிறாங்க?" என்று கேட்பார். ஆனால் அந்தக் கேள்வி ஆன்லைனில் எடுபடாது. ஏன் என்று பார்ப்போம்.

ஏலம் என்றாலும் சட்டம் சட்டம்தான்

ஊர் ஏலத்தில் வாங்குகிறவர் பொருளைப் பார்த்து எடுக்கிறார். ஆன்லைனில் அவர் பார்ப்பது உங்கள் படத்தையும், நீங்கள் எழுதிய நாலு வரியையும்தான். அந்த நாலு வரிதான் பேரம். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரப்படியே இருக்க வேண்டும் என்கிறது. 'நோ ரிட்டர்ன்' என்று கீழே போட்டு விட்டால் தப்பித்து விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மனசு மாறி திருப்பித் தருகிறவருக்கு வேண்டுமானால் அதைக் காட்டி மறுக்கலாம். சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் அந்த வரி காப்பாற்றாது.

இதே சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம்ம ஆளையே விட்டு விலையை ஏற்றி விடுவது! தெரு ஏலத்திலும் நடக்கும், வாட்ஸ்அப் குரூப்பிலும் நடக்கும். அப்படிப் பொய்யாகக் கேட்க வைத்து விலையை உயர்த்தியது தெரிந்தால், அந்த விற்பனையை ரத்து செய்ய வாங்கியவருக்கு 64-வது பிரிவில் உரிமை இருக்கிறது. பொருள் தங்கமாகவே இருந்தாலும் பணத்தைக் கொடுக்க வேண்டியதுதான்.

2020 ஜூலையில் வந்த இ-காமர்ஸ் விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. ஆன்லைன் தளத்தில் விற்கிறவர், பழுதான பொருளையோ, போலியையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று மறுக்கக் கூடாது. ஆனால் ஆச்சியின் பழைய வெத்தலைப் பெட்டியை ஒரே ஒரு தடவை சொந்த முறையில் விற்கிறவருக்கு இந்த விதி பொருந்தாது. கடை வைத்தோ, வழக்கமாகவோ வியாபாரம் செய்கிறவர்களுக்குத்தான்.

'100 வருஷம் பழசு' என்று எழுதுகிறீர்களா?

நம்ம ஊர் சாமானுக்கு அதிகம் வம்பு வருவது இந்த ஒரு வார்த்தையால்தான். விலை ஏறும் என்று '100 வருஷத்துக்கு முந்தியது' என்று எழுதி விடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். அது பொய் என்றால், வாங்கியவர் 'சொன்ன மாதிரி இல்லை' என்று பணத்தைக் கேட்கலாம். உண்மை என்றால் அதை விட பெரிய சிக்கல்!

1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள் ஆகும். கட்டிடத்தில் இருந்து பெயர்த்து எடுத்த பொருளும் இதில் சேரும். இடித்த வீட்டில் இருந்து வரும் கதவு, நிலை, தூண் எல்லாம் அதில் வந்துவிடும். மதிப்புள்ள சுவடி, கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டு போதும். இவற்றை தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை, அபராதம். உள்நாட்டில் இவற்றை வைத்து வியாபாரம் செய்யவும் லைசென்ஸ் வேண்டும்.

வயசு உறுதியாகத் தெரியவில்லை என்றால், கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதுவது நல்லது. 'மங்குத் தூக்குச்சட்டி, அடியில் ஸ்வீடன் முத்திரை, விளிம்பில் ரெண்டு இடத்தில் மங்கு பேர்ந்திருக்கிறது, கைப்பிடி பத்த வைத்தது, உயரம் இத்தனை, எடை இத்தனை.' இப்படி எழுதி, பேர்ந்த இடத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் போட்டு விட்டால் பாதி சண்டை அங்கேயே ஒழிந்தது. வெளிநாட்டுக்குப் போகும் பொருள் பழசாகத் தெரிந்தால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்ளலாம்.

ஈபே விளையாட்டு வேற

இந்தியாவில் ஆன்லைன் ஏலத்தைப் பிரபலமாக்கியது பாஸி டாட் காம். அதை 2004-ல் ஈபே வாங்கியது. அப்போது 'பைசாபே' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பொருள் போய்ச் சேரும் வரை பணம் நடுவில் நிற்கும். 2017-ல் அந்த இந்தியத் தளம் பிளிப்கார்ட் கைக்குப் போனது, 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது நம்ம ஆட்கள் ஈபேயில் விற்பது வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத்தான்.

அங்கே வாங்கியவர் பக்கம்தான் தராசு சாயும். பொருள் சரியில்லை என்று அவர் சொல்ல 30 நாள் இருக்கிறது. அவர் ரிட்டர்ன் கேட்டால் நீங்கள் 3 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் ஈபே உள்ளே வந்து முடிவு செய்து விடும். பொருளும் திரும்பாமல் பணமும் போன கதையாகி விடும். கோபத்தில் வாங்கியவருக்கு மோசமான ரேட்டிங் கொடுக்கவும் முடியாது. விற்பவர்கள் அப்படிக் கொடுப்பதை ஈபே 2008-லேயே நிறுத்தி விட்டது.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். பொருள் சொன்னபடி இல்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு விற்றவர் தலையில். அமெரிக்காவில் இருந்து ஒரு பித்தளை அண்டா காரைக்குடிக்குத் திரும்பி வர ஆகும் செலவை நினைத்தாலே தலை சுற்றும்! அதனால் சின்னக் குறை என்றால், பொருளை அவரே வைத்துக்கொள்ளட்டும், விலையில் கொஞ்சம் திருப்பித் தருகிறேன் என்று பேசிப் பார்ப்பது புத்திசாலித்தனம். அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் மரியாதையாகக் கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பேச்சு எல்லாம் ஈபே மெசேஜிலேயே இருக்கட்டும். தனியாகப் போனில் பேசியது கணக்கில் வராது.

டெல்லியில் இருந்து நோட்டீஸ் வந்தால்...

உள்நாட்டில் விற்றவர்கள், "அவன் டெல்லிக்காரன், இங்க வந்து என்ன செய்யப் போறான்" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணமும் இல்லை. இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது.

நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கேட்டால் இன்னும் 15 நாள் கிடைக்கலாம். அதற்கு மேல் இல்லை. கவரைப் பிரிக்காமல் மேஜையில் போட்டு வைத்தால், உங்கள் பக்கம் கேட்காமலேயே தீர்ப்பு வந்து விடும். வீடியோ கான்பரன்சில் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம்.

பொய்ப் புகாரும் இருக்கிறது

எல்லா வாடிக்கையாளரும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நல்ல பொருளை எடுத்துக்கொண்டு உடைந்த பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்காகத்தான் பேக்கிங் செய்யும்போது, பொருளின் முத்திரை, கீறல், நெளிசல் தெரிய, பெட்டி ஒட்டி முகவரி தெரியும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுக்க வேண்டும். திரும்பி வந்த பார்சலைப் பிரிக்கும்போதும் அதே மாதிரி. பொருள் கைக்கு வந்து பார்த்த பிறகே பணம் அனுப்புவதாக முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் ஏலத்தில் நடுவில் பணம் பிடித்து வைக்க யாரும் கிடையாது. எத்தனை நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருக்கு என்பதை ஏலம் ஆரம்பிக்கும் முன்பே குரூப்பில் போட்டு விட வேண்டும்.

"தவறுதலாக அதிகப் பணம் அனுப்பி விட்டேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணித் திருப்பி அனுப்புங்க" என்று யாராவது சொன்னால், முதலில் பேங்க் கணக்கைப் பாருங்கள். போனில் வந்த எஸ்எம்எஸ்சை நம்ப வேண்டாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். ஏமாந்து விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. வாங்கி ஏமாந்தவர்கள் ஆலோசனை கேட்கவும் புகார் சொல்லவும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.