இரவு விழித்திருப்போர் பகலில் எப்படித் தூங்குவது?



மாலையில் சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயில்கள் ஆவடியில் கூட்டம் கூட்டமாக ஆட்களை இறக்கிவிடுகின்றன. வீடு திரும்பும் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, எதிர்த்திசை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. வெள்ளானூரிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர்கள் அவர்கள். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை 1664ஆம் ஆண்டு கோட்டைக்குள் படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அதைப் போன்ற பெரிய மருத்துவமனைகள் முதல் அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துச் சிறிய நர்ஸிங் ஹோம்கள் வரை, ராத்திரி யாராவது ஒருவர் விழித்திருந்தால்தான் நோயாளி விடியலைப் பார்க்க முடியும்.

"நைட் டியூட்டிதானே, போகப் போகப் பழகிவிடும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது முழுமையாகப் பழகுவதில்லை என்பதுதான் உண்மை. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை இந்தக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. இருட்டியதும் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கிறது. பின்னிரவில், விடிவதற்கு முன், உடல் வெப்பம் மிகவும் குறைகிறது. பொழுது விடிந்ததும் எல்லாம் விழிப்பை நோக்கித் திரும்பிவிடுகின்றன. இரவெல்லாம் நின்றே வேலை பார்த்த ஒரு செவிலியர் காலை ஒன்பது மணிக்குப் படுக்கும்போது, அவருடைய உடலே அவரை எழுப்பப் பார்க்கிறது. ஐந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. அதைச் சோம்பல் என்றோ மனக்குறை என்றோ நினைப்பது தவறு.

இதைப் பற்றி நம் தமிழ்நாட்டிலேயே ஓர் அருமையான ஆய்வு நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் மதுரைக்கு அருகே குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளிச்சமே புகாத குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். சூரியனைப் பார்க்காவிட்டாலும், கூட்டத்து வௌவால்கள் மாலையில் வெளியே பறந்து காலையில் திரும்பும் நேரத்தை ஒட்டியே கூண்டிலிருந்தவையும் இயங்கின. கூட்டம் இல்லாத குகையில் வைத்தபோது அவற்றின் நேரம் நாளுக்கு நாள் நழுவிப்போனது. மனிதரும் வௌவாலும் ஒன்றல்லதான். ஆனாலும் உடன் வாழ்கிறவர்களின் ஓட்டமே ஓர் உயிரின் நேரத்தை இழுத்துப் பிடிக்கும் என்பதை மறுக்க முடியாது. தெருவே விழித்திருக்கும்போது தனியே தூங்க வேண்டிய ஒருவரின் பாட்டை இதிலிருந்து ஊகிக்கலாம்.

தூக்கம் குறைந்தால் என்ன ஆகிவிடும்? டாசன், ரீட் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் செய்து 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் மதுச்சத்து உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவது தெரியவந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம்தான். இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை ஆறு மணிக்கு எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துவைத்து, பகலில் கண்ணயராமல் இரவு எட்டு மணிப் பணிக்குப் போகும் ஒரு தாய், இரவு பதினொரு மணிக்கே அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். அதற்குப் பிறகுதான் இன்சுலின் அளவு பார்க்க வேண்டும், டிரிப் மாற்ற வேண்டும். விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே வெளிவட்டச் சாலையில் வீடு திரும்ப வேண்டும். ஒரு சொட்டு மது தொடாதவருக்கு இந்த நிலை!

ஆகையால் இரவுப் பணி தொடங்கும் முதல் நாள் பகலில் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போவது மிகவும் அவசியம். துணி நாளைக்குத் துவைத்துக்கொள்ளலாம். காபி, டீ குடிப்பதைப் பணியின் முன்பாதியில் முடித்துக்கொள்வது நல்லது. குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்குக் குடித்தது காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். சாப்பாட்டைப் பணிக்குப் போகுமுன் நிறைவாக முடித்துக்கொண்டு, நள்ளிரவில் இட்லியோ, பழமோ, கொஞ்சம் சுண்டலோ போதும். இரவில் சர்க்கரையைக் கையாளும் திறன் உடலுக்குக் குறைவு. பரோட்டாவுக்கு அது நேரமல்ல.

மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மிகக் கடினமான நேரம். எவ்வளவு அனுபவசாலிக்கும் கண் எழுத்தின் மேல் இருக்கும், மனம் அதைப் படிக்காது. இன்சுலின், ஹெப்பாரின் போன்ற மருந்துகளை அந்த நேரத்தில் தனியாக அளக்காமல், உடன் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முறை வைத்து இருபது நிமிடம் கண்மூட வார்டில் அனுமதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். எழுந்தவுடன் சில நிமிடங்களுக்கு மந்தம் இருக்கும். அது தெளிந்த பிறகே ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். காலையில் கண் செருகுகிறது என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ரயிலிலோ பேருந்திலோ திரும்புவது மேல். வழியில் கறுப்புக் கண்ணாடி அணிவது நல்லது. வெயிலைப் பார்த்தால் உடல் விடிந்துவிட்டதென்று முடிவு கட்டிவிடும். ஆனால் வண்டி ஓட்டுபவர் கண்ணாடியால் மேலும் கண் அயர்வாரானால் அது வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் இரவுப் பணி பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பல ஆண்டுகள் தொடரும் இரவுப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதையே உறுதி செய்தது. இதைக் கேட்டுப் பயந்து வேலையை விட வேண்டியதில்லை. மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருந்தால் நல்லது.

இவையெல்லாம் செவிலியர் தாமே செய்துகொள்ளக்கூடியவை. மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது. ஜன்னலில் பழைய போர்வையை மாட்டி இருட்டாக்கலாம். மின்விசிறியின் இரைச்சல் வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும். மாமியாரோ கணவரோ கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, கேஸ் சிலிண்டர்காரருக்கும் கூரியர்காரருக்கும் தாங்களே கதவைத் திறக்கலாம். "பகலெல்லாம் தூங்குகிறாள்" என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. இந்தப் பேச்சுக்குப் பயந்தே பன்னிரண்டு மணிக்கு எழுந்து அரிசி களையும் மருமகள்கள் எத்தனையோ பேர்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதை ஒலிக்கவிடக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அந்த நேரம் இரவில் தூங்குவோரை எண்ணிக் குறிக்கப்பட்டது. காலை பதினொரு மணிக்குத் தூங்குகிறவரை எண்ண வேண்டியவர்கள் நாம்தான். திருவிழா நாட்களில் கோவில் கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கியை நாள் முழுக்கத் தெருவை நோக்கிப் பாடவிடுவது பக்திக்குத் தேவையா என்று பங்குப்பேரவை யோசிக்கட்டும். அன்பியக் கூட்டத்தையும் இரவுப் பணியாளர் உள்ள வீடுகளில் மாலை ஐந்தரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு திருப்பலிக்கு வர முடியவில்லையே என்று மனம் வருந்தும் செவிலியர்களும் உண்டு. திருஅவைச் சட்டம் 1248இன்படி முந்தின நாள் மாலைத் திருப்பலியே ஞாயிறு கடனை நிறைவேற்றிவிடுகிறது. நோயாளியை விட்டுவர முடியாதவர் வராமலிருப்பது பாவமுமாகாது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கைச் சொல்லும் சட்டம் 919, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மட்டுமல்லாமல், அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. பணி முடிந்த கையோடு கோவிலுக்கு வருகிறவர், வழியில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம்.