மலை இறங்கும் படங்கள்

கொடைக்கானலில் ஒருவருக்குத் தலையில் பலமாக அடிபட்டால், மேல்சிகிச்சைக்குப் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போகவேண்டும். வத்தலக்குண்டு வழியாக மலை இறங்கிச் சேர மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்கு முன்பே ஸ்கேன் படம் நிபுணர் கண்ணில் பட்டாக வேண்டும். அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பது படக்கோப்பின் கனத்தைப் பொறுத்தது.

சி.டி. ஸ்கேன் தலையைச் சீவல் சீவலாகப் படமெடுக்கிறது. ஒரு சீவலில் 512 வரிசை, வரிசைக்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். ஆக, சீவல் ஒன்று அரை மெகாபைட். மெல்லிய சீவல் 500 என்றால் 250 மெகாபைட், அதாவது 2,000 மெகாபிட். நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் 17 நிமிடம் பிடிக்கும். தடித்த சீவல் 30 மட்டும் முதலில் போனால் ஒரே நிமிடம்! பெரிய ரத்தக்கசிவு அதிலேயே தெரிந்துவிடும். எதை முதலில் அனுப்புவது என்ற முடிவு அவ்வளவு முக்கியம்.

திரையை செல்போனில் படம்பிடித்து அனுப்புவது சுலபம்தான். ஆனால் ஸ்கேன் கோப்பில் ஒரு புள்ளிக்கு 4,096 சாயல்கள் உண்டு. செல்போன் படத்தில் ஒரு நிறத்துக்கு 256. எலும்பைத் தனியே, மூளையைத் தனியே துலக்கிப் பார்க்க மருத்துவருக்கு மூலக்கோப்புதான் வேண்டும். இன்னொன்று: இணைய இணைப்புக்கான விளம்பரங்கள் பெரும்பாலும் முழங்குவது இறக்கும் வேகத்தை. படம் அனுப்பும் மருத்துவமனை கேட்கவேண்டியது ஏற்றும் வேகம்.

அப்படி ஓர் இணைப்பைத் தாங்களே அமைத்துக்கொண்டவர்களும் உண்டு. மலைக்குத் தெற்கே தேனியில், 2000களின் நடுவில், அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டாரக் கண் மையங்களை வைஃபை மூலம் இணைத்தது. உடன் உழைத்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். வீட்டுக்குள் பயன்படுத்தச் செய்த வைஃபை, தகவலை அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்கு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அனுப்பும், வேகம் படுத்துவிடும். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். மையத்துக்கு வந்த நோயாளி தேனி மருத்துவரிடம் முகம் பார்த்துப் பேச முடிந்தது.

இத்தகைய இணைப்புக்கு இரண்டு ஆண்டெனாக்களும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவேண்டும். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்றால் கீழே சமவெளி விரிந்து கிடக்கிறது. மூடுபனி நம் கண்ணை மறைத்தாலும் வைஃபை அலையை அது தடுப்பதில்லை.