பக்கத்து மேசைக்கு லேபிள் இல்லை

ஜூலை 31 என்ற தேதி வாசகர்களை நன்றாகக் குழப்பியிருக்கிறது. ஐரோப்பாவில் சென்டுக்குத் தடை வருகிறதாமே, நம் அலுவலகங்களுக்கு எப்போது வரும் என்று கேட்டுப் பல கடிதங்கள். எழுதியவர்களில் பலர் ஏசி அறையில் தலைவலியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள்.

தடை எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதி ஒன்று அமலுக்கு வருகிறது, அவ்வளவுதான். சென்ட் போன்ற அழகுசாதனப் பொருள்களில் ஒவ்வாமை தரும் 26 மணப்பொருள்களை மட்டும் லேபிளில் பெயர் சொல்லி அச்சிட்டு வந்தார்கள். இனி அந்தப் பட்டியலில் 80க்கும் மேற்பட்ட பெயர்கள். புதிதாகச் சந்தைக்கு வரும் பொருள்களுக்கு 2026 ஜூலை 31 முதல் இது கட்டாயம்; பழைய சரக்குக்கு 2028 ஜூலை 31 வரை அவகாசம். பட்டியலில் இல்லாதவை வழக்கம்போல ‘பர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இதை நுகர்வோரின் அறியும் உரிமை என்கிறார்கள். எந்த நுகர்வோர்? பாட்டிலை வாங்கியவர். விதி காப்பது அவருடைய தோலை. பக்கத்து மேசையில் இருப்பவர் அதை வாங்கவில்லை, பூசவில்லை, லேபிளைப் பார்க்கவும் இல்லை; சுவாசிக்க மட்டும் செய்கிறார். அவருக்கு இந்த விதியில் ஒரு வரிகூட இல்லை.

லேபிளை முழுதாகப் படித்தாலும் அறைக்குள் இருப்பது என்னவென்று தெரியாது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான். லிமோனீனை எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் மணம் அது. ரூம் ஸ்ப்ரேயிலும் தரை துடைக்கும் திரவத்திலும் தாராளமாக உண்டு. காற்றில் ஓசோன் இருந்தால் லிமோனீன் அதோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்குகிறது. ஓசோன் வெயில் நேரத்தில் தெருவிலிருந்து உள்ளே வரும். சில லேசர் பிரிண்டர்களும் ஜெராக்ஸ் இயந்திரங்களும் வெளியிடும். நாற்றம் போக்குவதாகச் சொல்லி விற்கப்படும் ஓசோன் கருவிகள் அதை வேண்டுமென்றே நிரப்புகின்றன. ஃபார்மால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. ஸ்ப்ரே அடித்த அறையில் அதன் அளவு பொதுவாகக் குறைவுதான், பீதி வேண்டாம். ஆனால் எந்த லேபிளிலும் அந்தப் பெயர் வராது. ஏனென்றால் அது பாட்டிலுக்குள் இல்லை, அறையில்தான் பிறக்கிறது.

பிறந்தது வெளியே போகவும் வழியில்லை. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அறைக் காற்றையே குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. காலையில் ஒருவர் அடித்துக்கொண்ட பாடி ஸ்ப்ரே மதியம்வரை சுற்றுகிறது. அறை புழுங்குகிறதே என்று அதன்மேல் ரூம் ஸ்ப்ரே அடிக்கிறார்கள்.

‘அன்சென்டட்’ என்று போட்டதை வாங்கினால் தப்பலாமா? அந்தச் சொல்லை நம்பாதீர்கள். மூலப்பொருளின் வாடையை மறைக்க இன்னொரு மணப்பொருளைக் கலந்துவிட்டும் அப்படி எழுதுவது உண்டு.

இயற்கை எண்ணெய் பரவாயில்லையா? லிமோனீன் இயற்கைதான்.

அலுவலகம் கட்டுப்பாடு விதிக்க முடியுமா? அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009இலேயே தன் கட்டடங்களுக்குள் மணப்பொருள் பயன்பாட்டை விலக்கியது. டெட்ராய்ட் நகராட்சி ஊழியர் ஒருவர் சக ஊழியரின் சென்டால் மூச்சுவிட முடியவில்லை என்று மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தார். 2010இல் நகராட்சி 1,00,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. சென்ட் வேண்டாம் என்று அலுவலகச் சுவரில் அறிவிப்பும் ஒட்டியது.

நம் சட்டம்? தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947 காற்றோட்டத்தைக் கேட்கிறது. அதனால் சென்டைச் சொல்லாமல், காற்றோட்டம் இல்லை என்று எழுத்தில் புகார் கொடுங்கள்.

சென்ட் போட்டவரிடம் எப்படிச் சொல்வது? தனியாக. சிறிது நேரத்திலேயே மூக்கு பழகிவிடுவதால் தன் மணம் அவருக்கே தெரியாது. அதனால்தான் இன்னும் கொஞ்சம் அடித்துக்கொள்கிறார்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊழியரிடம் பேசுவதற்கு முன், கழிப்பறைச் சுவரிலும் வரவேற்பறையிலும் தானாக மணம் பீய்ச்சும் அந்தப் பெட்டிகளைக் கழற்றுங்கள். உணவு இடைவேளையில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.