முட்டிக்கு வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது

பொங்கலை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டியிலோ, ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் கிரிக்கெட்டிலோ, வேலை முடிந்து ஆடும் ஷட்டிலிலோ ஓடிவந்த வேகத்தில் பாதம் தரையில் பதிந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிடுகிறது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் வீக்கம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏ.சி.எல். என்ற முட்டித் தசைநார், அதாவது ஜவ்வு, கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிகிறது, பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதன்பின் மறுபடி களத்தில் இறங்க ஒன்பது மாதமாவது ஆகும். அந்த ஒன்பது மாத வைத்தியத்தில் பெரும்பகுதி நடப்பது வீட்டில். அதைக் கவனித்துக்கொள்பவர் கணவனோ மனைவியோ. ஆனால் அவருக்கு எதுவும் கற்றுத்தரப்படுவதில்லை. டிஸ்சார்ஜ் நாளில் மாத்திரைச் சீட்டும் அடுத்த வருகைத் தேதியும் கைக்கு வருகின்றன, அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் துணையும் இந்தச் சிகிச்சையின் ஓர் அங்கம், ஆகவே கற்றுக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு, கற்றுத்தரும் கடமை மருத்துவமனைக்கு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பாசம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. இந்த முட்டியைப் பொறுத்தவரை, தெரியாமல் காட்டும் பாசம் கெடுதலே செய்யும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு முட்டியை நீட்டினால் வலிக்கிறது, சற்று மடக்கி வைத்தால் இதமாக இருக்கிறது. பார்க்கப் பொறுக்காமல் வீட்டில் இருப்பவர் முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகுகிறார். இரவெல்லாம் முட்டி மடங்கியே கிடக்கிறது. இப்படியே வாரங்கள் ஓடினால் முட்டி முழுதாக நீளாமல் இறுகிப்போகும், பிறகு நடை சாயும். முதல் சில வாரங்களில் பிசியோதெரபிஸ்ட் பெறப் பாடுபடும் முதன்மையான பலனே முட்டி நேராக நீள்வதுதான். காலை உயர்த்தி வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைக்க வேண்டும், முட்டிக்கு அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. தொடைத்தசையின் கதையும் இதுதான். முட்டியில் வீக்கமும் வலியும் இருக்கும்வரை அந்தத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. சில வாரங்களில் ஒரு தொடை மற்றதைவிட மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். "வலிக்குதுன்னா இன்னிக்கு விட்டுடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்ற கரிசனம் இந்த மெலிவை வேகப்படுத்தும். எந்த வலி உடற்பயிற்சியோடு வரும் இயல்பான வலி, எந்த வலி நிறுத்தச் சொல்லும் வலி என்று பிசியோவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது துணையின் முதல் வேலை.

இரண்டாவது ஆபத்து, வலி போன பிறகு வருகிறது. கிழிந்த தசைநாருக்குப் பதிலாகப் பெரும்பாலும் நோயாளியின் தொடைப் பின்புறத்திலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்த நாரைத்தான் எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். அதற்குப் புதிதாக ரத்த ஓட்டம் கிடைத்து, உடம்பு அதைத் தனதாக்கிக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். இடையில், ஏறத்தாழ இரண்டாம் மூன்றாம் மாதத்தில், அந்த நார் பொருத்திய நாளில் இருந்ததைவிடப் பலவீனமாகிறது. அந்தக் காலத்தில்தான் ஊன்றுகோலை விட்டு, வீக்கம் வடிந்து, ஆள் நன்றாக நடப்பார். பைக்கை எடுப்பார், மாடிப்படியில் தாவுவார், "சும்மா ஒரு ஓவர் போட்டுட்டு வரேன்" என்பார். வீட்டில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் தடுக்க ஒரு காரணம் கையில் இருக்கும். தெரியாவிட்டால் அவர் சொல்வதெல்லாம் நச்சரிப்பாகவே காதில் விழும்.

நம் வீடுகளில் இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று பத்தியம். பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும், முட்டை கூடாது, மீன் கூடாது என்று பெரியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். தையல் ஆறவும் தொடைத்தசை மீளவும் புரதம் வேண்டும், அதை நிறுத்துவது உடம்பின் கையைக் கட்டிப்போடுவது. மற்றது எண்ணெய் போட்டு உருவிவிடுவதும், கட்டுப் போட அழைத்துப் போவதும். தலைமுறை தலைமுறையாகப் பலன் கண்ட வைத்தியத்தை எப்படித் தள்ளுவது என்று மாமியாரோ மாமனாரோ கேட்டால், அவர்களை அவமதிக்காமலே பதில் சொல்லலாம். எலும்பு முறிவுக்குக் கட்டும் கட்டு வேறு, உள்ளே திருகாணி பொருத்திப் புது நார் வைத்திருக்கும் முட்டி வேறு. அதோடு, ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு உண்டு. உறைந்திருப்பது தெரியாமல் அழுத்தி உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி, இறுகி, தொட்டால் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108க்கு அழைக்க வேண்டும். காய்ச்சல், தையலில் கசிவு, குறைந்துகொண்டிருந்த வலி மறுபடி ஏறுவது இவையெல்லாம் முட்டிக்குள் கிருமித் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். தொற்று அரிதுதான். ஆனால் வந்துவிட்டால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருந்தால் முட்டியின் குருத்தெலும்பே அரித்துப்போகும்.

இனி முடிவெடுக்கும் உரிமை. கிழிந்த எல்லா ஏ.சி.எல்.லுக்கும் உடனே ஆபரேஷன் வேண்டுமா? சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பாதிப்பேருக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், மறுபாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாண்டு முடிவில் இரு குழுவினரின் முட்டி நிலையிலும் பெரிய வேறுபாடில்லை. பயிற்சிக் குழுவில் பலருக்கு ஆபரேஷன் தேவைப்படவே இல்லை. இதை வைத்து ஆபரேஷன் வீண் என்று சொல்லிவிட முடியாது. வெட்டித் திரும்பி ஆடும் ஆட்டக்காரருக்கும், முட்டிக்குள் இருக்கும் குருத்து வட்டும் (மெனிஸ்கஸ்) சேர்ந்து கிழிந்தவருக்கும், நடக்கும்போதே முட்டி நழுவுபவருக்கும் அது தேவைப்படலாம். ஆனால் யோசிக்க நேரமும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமையும் உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ஒப்புதல் கையெழுத்தும் நோயாளியுடையதாகவே இருக்க வேண்டும். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொன்னது: சுயநினைவும் விவரமும் உள்ள பெரியவருக்குப் பதிலாக உறவினர் ஒப்புதல் தர முடியாது, உயிருக்கோ உறுப்புக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு. நம் ஊரில் மனைவிக்கு ஆபரேஷன் என்றால் மருத்துவர் கணவனைப் பார்த்துத்தான் பேசுகிறார், படிவத்தை அவர் பக்கம்தான் நீட்டுகிறார்கள். அந்த இடத்தில் கணவன் செய்யக்கூடிய நல்ல காரியம், படிவத்தை மனைவியிடம் தந்து, அவர் படித்து முடிக்கும்வரை காத்திருப்பது. துணையின் பங்கு கேள்வி கேட்பதும் நினைவில் வைப்பதும். முடிவு முட்டிக்கு உரியவருடையது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மருத்துவக் காப்பீடு இருந்தால், 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தபடி, பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மீது ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதியின் மீது மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். விளையாட்டில் அடிபட்டது என்று எழுதினால் கிளெய்ம் போய்விடும் என்று பயந்து, படியில் விழுந்ததாகச் சொல்லச் சொல்வோர் உண்டு. அது தேவையற்றது, ஆபத்தும்கூட. பாலிசிகளில் உள்ள பொதுவான விலக்கு, மலையேற்றம், மோட்டார் பந்தயம் போன்ற அபாய விளையாட்டுகளைத் தொழிலாகச் செய்வோருக்கானது. பொய்யான காரணம் மருத்துவக் குறிப்பில் ஏறினால்தான் கிளெய்முக்குக் கேடு. உள்ளே வைத்த திருகாணிகளின் ஸ்டிக்கரையும் பில்லையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பின் எத்தனை நாள்வரை செலவு கிடைக்கும், அதில் பிசியோதெரபி சேருமா என்று பாலிசியில் பார்த்து, மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்கள் சிகிச்சை வருமா என்று மருத்துவமனைத் திட்ட மேசையில் முதலிலேயே கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், ஓராண்டில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். இது தெரியாமல் லீவு இல்லை என்று ஆறாம் வாரமே லோடு தூக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலோ, புகார் தந்து 30 நாளில் பதில் தராவிட்டாலோ, கட்டணமின்றி, வக்கீல் இல்லாமலே சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிகிச்சையில் தவறு நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் முதலில் ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சைக்கு, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆனால் முட்டி பழையபடி ஆகவில்லை என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது. வழக்குக்குப் போகுமுன் வேறொரு மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்குவது நல்லது.

பிழைத்ததே போதும், பிள்ளை குட்டிக்காரர் இனி எதற்கு விளையாட வேண்டும் என்ற எதிர்ப்பு அடிக்கடி எழுகிறது. பயத்தில் பிறக்கும் இந்தச் சொல்லைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முழுப் பயிற்சி விளையாடப் போகிறவருக்கு மட்டும் உரியதல்ல. ஓடும் பேருந்தில் நிற்கவும், ஈரத் தரையில் திரும்பவும் அதே பலம்தான் வேண்டும். திரும்ப ஆடுவோம் என்ற ஆசைதான் பலரை மாதக்கணக்கில் பயிற்சியில் நிறுத்திவைக்கிறது. அதைப் பறித்தால் பயிற்சியும் போகும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கின்படி, ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம்தான். மறுபடி அடிபடும் என்ற பயம் திரும்பாததற்கு ஒரு முக்கியக் காரணம். அதைக் கேலி செய்யாமல் காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஒருவர் வேண்டும். எப்போது திரும்பலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது: 2016இல் வெளியான ஒரு நார்வே - அமெரிக்க ஆய்வில், ஒன்பதாம் மாதம்வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறு காயத்தின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலண்டர் மட்டும் போதாது. அடிபட்ட காலின் பலமும் ஒற்றைக்காலில் தாவும் தூரமும் நல்ல காலின் அளவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் "ஆடலாம்" என்று யார் சொன்னாலும், சோதனை எப்போது என்று கேட்கத் துணைக்கு உரிமை உண்டு.

அடிபட்டது மனைவியாக இருந்தால் கதை மாறிவிடுகிறது. ஒரே வகை ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு அதிகம். கல்லூரியில் வாலிபாலோ கபடியோ ஆடியவர்கள் இன்று திருமணத்துக்குப் பிறகும் ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஆபரேஷன் நடந்தால், களத்துக்கு எப்போது திரும்பலாம் என்று யோசிக்கும் எல்லாரும், அடுப்படிக்கு எப்போது திரும்பலாம் என்று யாரிடமும் கேட்பதில்லை. குத்தவைத்து அரிவாள்மணையில் காய் நறுக்குவது, குனிந்து திரும்பித் தரை துடைப்பது, குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறுவது, இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது என எல்லாமே ஆழமாக மடக்கி, பாரத்தோடு திரும்பும் வேலைகள். வீட்டு வேலைதானே, லேசாகச் செய்யட்டும், உடம்புக்கும் நல்லது என்று சொல்வோருக்கு விடை எளிது: பயிற்சி அளவோடு, ஏறுவரிசையில், ஓய்வோடு நடப்பது. வீட்டு வேலைக்கு அளவும் இல்லை, ஓய்வும் இல்லை. நான் வேலைக்குப் போக வேண்டாமா என்று கணவன் கேட்பது நியாயம்தான். ஒன்பது மாதமும் லீவு போடச் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் ஆள் உடன் இருக்க வேண்டும். அதன்பின் காலையில் தண்ணீர் பிடித்து வைப்பது, சமையல் மேடையருகே உயரமான ஸ்டூல் போடுவது, கழிப்பறையில் நாற்காலி இருக்கை வைப்பது, மாலையில் ஒரு வேளைப் பயிற்சிக்குக் கூட உட்காருவது இவ்வளவும் வேலைக்குப் போய்க்கொண்டே செய்யக்கூடியவை. மருத்துவமனைக்குப் போய்வர முடியாத ஊராக இருந்தால், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. தமக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மனைவி வீட்டில் செய்யும் வேலைகளை ஒரு தாளில் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வாரத்திலிருந்து செய்யலாம் என்று மருத்துவரின் கையாலேயே எழுதி வாங்கி, சமையலறைச் சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள்.