பொங்கல் கோலத்திற்கு வீட்டுச் சாயங்கள்

பொங்கற் பண்டிகையன்று வாசலில் வர்ணக் கோலமிடுவது நமது கிராமங்களில் வழக்கம். இதற்கெனக் காசு கொடுத்துச் சாயப்பொடி வாங்க வேண்டுவதில்லை. வேண்டிய சாமான்கள் பெரும்பாலும் அடுப்பங்கரையிலேயே இருக்கின்றன.

ஆழாக்குப் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, மைபோல் அரைத்து, நீர் விட்டுக் கரைத்தால் வெள்ளை மாவு தயாராகும். உலர்ந்த பின் கோலம் பளிச்சென்று தோன்றும்; எறும்புகளுக்கும் இரையாகும். கரைத்த மாவில் மஞ்சள்தூள் கலந்தால் மஞ்சள் நிறம் உண்டாகும். அதில் சுண்ணாம்பு சிறிது சேர்த்தால் சிவப்பாகும். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தோடு கூடும்போது சிவப்பதே இதன் காரணம். ஆரத்தி நீர் சிவப்பதும் இவ்வாறே. கருமைக்கு அடுப்புக் கரித்தூளும், ஓரப் பட்டைக்குக் காவியும் போதும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்குமாதலால், பண்டிகையன்று விடியற்காலையில் கலந்து கொள்வது நலம்.

ஒரு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை அவசியம். கற்சுண்ணாம்பு நீர் பட்டவுடன் கொதித்துத் தெறிக்கும். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பும் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கக் கூடும். ஆதலால் கற்சுண்ணாம்பை இதற்கு உபயோகிக்கலாகாது. நீற்றிய சுண்ணாம்பையே பெரியவர்கள் குச்சியால் கலக்க வேண்டும், குழந்தைகளிடம் கொடுக்கலாகாது. தவறிக் கண்ணிற் பட்டால் தேய்க்காமல், இமையைத் திறந்து, சுத்தமான நீரை 15 நிமிஷத்திற்குக் குறையாமல் விட்டுக் கழுவுக. எண்ணெயோ பாலோ விட வேண்டாம். கழுவியபின் வலி நின்றுவிட்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்க.