இயர்போனுக்கு எவ்வளவு சக்தி வேண்டும்?

காதினுள் செருகிக்கொள்ளும் இயர்போன் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, சில மாதங்கள் அதில் சங்கீதம் கேட்டு மனம் நிறைந்திருந்த ஒருவர், அதையே பலம் வாய்ந்த ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தால் இதுவரை கேளாத நாதமெல்லாம் அதிலிருந்து பிறக்கும் என்று நண்பர் சொல்லக் கேட்டு, கடைக்குச் சென்று அவ்வாறே இணைத்துப் பார்த்து, மந்தர ஸ்தாயி கனத்துவிட்டதென்றும், பாடகரின் குரல் முன்னே வந்துவிட்டதென்றும், பக்கவாத்தியங்கள் தனித்தனியே விலகி நின்று ஒலிக்கின்றனவென்றும் வியந்து, இயர்போனைக் காட்டிலும் அதிக விலைக்கு அந்தப் பெட்டியையும் வாங்கி வருவது இக்காலத்தில் சாதாரணமாகிவிட்டது. அவர் கேட்ட வித்தியாசம் பல சமயங்களில் மெய்யானதே. ஆனால் அதற்குக் காரணம் ஆம்ப்ளிஃபையரின் பலம் என்று அவர் கொள்ளும் முடிவுதான் பெரும்பாலும் பொருந்தாதது. உண்மையான காரணம் தெரிந்தால் பணமும் மிஞ்சும், செவியும் க்ஷேமமாக இருக்கும். ஆகையால் அதைச் சற்று விரிவாகவே ஆராய்வது தகும்.

இன்ன அளவு மின்சக்திக்கு இன்ன அளவு ஒலி என்பதை இயர்போனின் சென்சிட்டிவிட்டி என்னும் எண் கூறுகிறது. ஷூர் நிறுவனத்தார் 2013-ல் வெளியிட்ட எஸ்.இ.846 என்ற பிரசித்தமான இயர்போனுக்கு ஒரு மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சக்தி கொடுத்தால் 114 டெசிபெல் ஒலி எழுகிறது. டெசிபெலில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகும் என்பது விதி. ஆகவே வீட்டில் நிதானமாக அமர்ந்து பாட்டுக் கேட்பதற்குத் தாராளமான 84 டெசிபெலுக்கு அந்த இயர்போன் வேண்டுவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாத்திரமே. பாட்டில் உச்சம் எழும் தருணங்களுக்கென்று நூறு மடங்கு கூட்டிக்கொண்டாலும், கைப்பேசியில் இயர்போனைப் பொருத்துவதற்கென விற்கும் சிறு இணைப்புக் கம்பியே அந்தத் தேவையை எளிதில் நிறைவேற்றிவிடும். ஒரு வாட், இரண்டு வாட் தரவல்ல ஆம்ப்ளிஃபையரை இதற்குத் துணை சேர்ப்பது, கிண்டியை நிரப்ப ஏரி மதகைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

பலத்தைப் பற்றிய இந்த நம்பிக்கை ஆதாரமின்றிப் பிறந்ததும் அன்று. ஹைஃபைமேன் நிறுவனத்தாரின் ஹெச்.இ.-6 என்ற ஹெட்போன் காதைச் சுற்றி மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அதன் சென்சிட்டிவிட்டி 83.5 டெசிபெல்தான். எஸ்.இ.846 தரும் அதே ஒலியை அதனிடமிருந்து பெற ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட சக்தி தேவைப்படும். ஸ்பீக்கர்களுக்கென்றே செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபையர்களில் அதை இணைத்துக் கேட்ட ரசிகர்கள், பலம் ஏற ஏற நாதம் மலர்ந்ததாகச் சொன்னது நியாயமே. அந்த நியாயம் அளவு மாறி இயர்போனுக்கும் வந்து ஒட்டிக்கொண்டதுதான் பிழை.

அப்படியானால் கடையில் கேட்ட வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஆம்ப்ளிஃபையர் ஒவ்வொன்றுக்கும் தன் வாசலிலேயே ஒரு சிறு மின்தடை உண்டு; அதை அவுட்புட் இம்பீடன்ஸ் என்பார்கள். இயர்போனுக்கும் இம்பீடன்ஸ் உண்டு. ஆம்ப்ளிஃபையர் வெளியிடும் மின்னழுத்தம் இவ்விரண்டுக்கும் இடையே பங்கிடப்படுகிறது. இயர்போனின் இம்பீடன்ஸ் எல்லா ஸ்வரங்களுக்கும் ஒன்றாகவே இருக்குமாயின், இந்தப் பங்கீட்டால் ஒலி சற்றுக் குறையுமே தவிர அதன் குணம் மாறாது. ஆனால் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற நுண்ணிய ஒலிப்பான்கள் நான்கு, ஐந்து, எட்டு என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஸ்தாயியைப் பிரித்துக் கொடுத்துச் செய்யப்படும் உயர்தர இயர்போன்களில், இம்பீடன்ஸ் ஓரிடத்தில் தாழ்ந்தும் வேறோரிடத்தில் பன்மடங்கு உயர்ந்தும் மேடுபள்ளமாகச் செல்கிறது. ஒரு ஸ்வரத்தில் 5 ஓம், இன்னொன்றில் 40 ஓம் உள்ள இயர்போன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் உள்ள ஆம்ப்ளிஃபையரில் அதை இணைத்தால், இரண்டாவது ஸ்வரம் முதலாவதைவிட ஏழரை டெசிபெல் மேலெழுந்துவிடும். 1 ஓம் உள்ள ஆம்ப்ளிஃபையரில் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றரை டெசிபெலுக்குள் அடங்கிவிடும். ஏழரை டெசிபெல் என்பது மிருதங்கத்தின் தொப்பியை அமுக்கி ஜாலராவைத் தூக்கிக் காட்டப் போதுமானது. அதாவது, அந்த ஆம்ப்ளிஃபையர் சங்கீதத்தை மேலும் தெளிவாக்கவில்லை. இயர்போனை வேறொரு இயர்போனாகவே மாற்றிவிட்டது.

இந்தத் தத்துவத்தை அறிந்தே பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் காதுகேட்கும் கருவிகளின் ஆராய்ச்சியில் நெடுங்காலம் உழைத்த மீட் கில்லியன் என்பவர் நிறுவிய எட்டிமோடிக் நிறுவனம், 1991-ல் இ.ஆர்.-4 என்ற இயர்போனை வெளியிட்டது. காதினுள் ஆழமாகச் செல்லும் இயர்போனில் சுத்தமான நாதம் இயலும் என்பதற்கு அது இன்றளவும் சாட்சியாக விளங்குகிறது. அதன் ‘எஸ்’ வகைக்கு இம்பீடன்ஸ் 100 ஓம். கையடக்கக் கருவிகளுக்காகப் பின்னாளில் வந்த ‘பி’ வகைக்கு 27 ஓம். ‘பி’ வகையை ‘எஸ்’ ஆக்கிக்கொள்ள விரும்பியவர்களுக்கு 75 ஓம் மின்தடை பொதிந்த ஒரு கம்பி விற்கப்பட்டது. ஒரே ஒலிப்பானோடு அந்தத் தடை சேர்ந்த மாத்திரத்தில், மேல் ஸ்தாயி துலங்கி எழுந்தது. ஏனெனில் ஆர்மேச்சரின் இம்பீடன்ஸ் ஸ்வரம் ஏற ஏற உயர்வதால், தடையின் பாதிப்பு கீழ் ஸ்தாயியில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தது. சில பைசா விலையுள்ள ஒரு மின்தடை சாதிக்கும் இந்த மாற்றத்தை, அதன் காரணம் அறியாதவர் ஆம்ப்ளிஃபையரின் மகிமை என்றே கொண்டாடியிருப்பார்.

ஸ்பீக்கர் உலகிலும் இதே கதை நடந்தது. 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் நிபுணர், ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையார் மெச்சும் எந்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையரின் நாதத்தையும் தம்முடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் கொண்டுவந்து காட்டுவதாகச் சவால் விட்டார். அவர்கள் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுத்தார்கள். கார்வர் இரண்டின் ஒலியையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சுவது கேட்காத அளவுக்குத் தேயும் வரை தம் கருவியைத் திருத்தினார். வால்வுக் கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸை ஒத்திருக்கச் செய்ததும் அத்திருத்தங்களுள் ஒன்று. பிறகு கேட்டுப் பார்த்த பத்திரிகையாரால் எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. நான் இந்த நிகழ்ச்சியைப் பெரிதாக மதிக்கிறேன். நாதத்தின் குணத்தை விலைச் சீட்டிலிருந்து பிரித்து, அளந்து அறியக்கூடிய காரணங்களின் கையில் அது ஒப்படைத்தது.

பலமான ஆம்ப்ளிஃபையர் இயர்போனுக்கு நன்மை செய்யாமல் போவதோடு சில வேளைகளில் தீங்கும் செய்கிறது. எந்த ஆம்ப்ளிஃபையரும் தன்னிடமிருந்தே சிறிது இரைச்சலை எழுப்பும். ஒரு வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே இரைச்சல் உள்ள கருவியைச் சென்ஹைசரின் 300 ஓம் ஹெச்.டி.600 ஹெட்போனில் இணைத்தால் எதுவும் கேட்காது. 9 ஓம் எஸ்.இ.846-ல் இணைத்தாலோ அதே இரைச்சல் ஏறத்தாழ 34 டெசிபெலாகி, ஆலாபனையின் மௌன இடைவெளிகளிலெல்லாம் ‘உஸ்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வால்யூம் திருகும் தொல்லை தருவதுதான். பலம் மிகுந்த கருவியில் அதைத் தொடக்கப் புள்ளியிலிருந்து மயிரிழை நகர்த்தினாலே ஒலி போதுமானதாகிவிடும். சாதாரணத் திருகுகளில் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி சமமாக வருவதில்லை. இக்காரணத்தால், ஒலிப்பெருக்கத்தின் அளவை மாற்றும் கெயின் என்ற விசையைத் தாழ்ந்த நிலையில் வைக்க இடமில்லாத ஆம்ப்ளிஃபையரை இயர்போனுக்காக வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கம்பிச்சுருளால் இயங்கும் டைனமிக் என்ற வகை ஒலிப்பான் ஒன்றே உள்ள இயர்போன்களைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் இம்பீடன்ஸ் பெரும்பாலும் சமதளமாகவே செல்வதால், எந்த நல்ல கருவியில் இணைத்தாலும் அவற்றின் நாதம் மாறுவது அரிது. தட்டையான மெல்லிய படலத்தால் ஒலிக்கும் பிளேனார் வகை இயர்போன்களின் இம்பீடன்ஸும் சமமானதே. ஆனால் அவற்றுட் சில சற்று அதிகச் சக்தியை வேண்டுவதால், மிதமான ஆம்ப்ளிஃபையர் அவற்றுக்குப் பயன்படும்.

இரண்டு கருவிகளை ஒப்பிடுவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒலியின் அளவு. தாழ்ந்த ஒலியில் மனிதச் செவி மந்தர ஸ்தாயியை மந்தமாகவே கேட்கிறது என்பதையும், ஒலி உயர உயர அது துலங்குகிறது என்பதையும் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வெளியிட்டார்கள். ஆகவே இரண்டில் எது சிறிதளவு உரக்க ஒலிக்கிறதோ, அதுவே கனமும் விஸ்தாரமும் உடையதென்று தோன்றும். கடையில் நடக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் வீணாகின்றன. முறையாகச் செய்ய விரும்புபவர், ஒரே சீரான ஸ்வரம் ஒன்றை ஒலிக்கவிட்டு, இயர்போன் இணைந்திருக்கும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரு கருவிகளிலும் மின்னழுத்தத்தை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வித்தியாசத்துக்குள் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். பின்னர் எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதைத் தாம் அறியாதவாறு வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இதன் பிறகும் வித்தியாசம் புலப்பட்டால் அது மெய்யானது. புலப்படாவிட்டால் மலிவான கருவியை வாங்குவதில் குறைவொன்றும் இல்லை.

செவியைப் பற்றிய எச்சரிக்கையை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைந்து, 89 டெசிபெலில் வாரத்துக்கு ஐந்து மணி நேரமே அனுமதியாகிறது. சக்தி மிகுந்த ஆம்ப்ளிஃபையரில் திருகு தவறுதலாக நகர்ந்தால் கணப்பொழுதில் ஒலி அபாய அளவைத் தாண்டிவிடும்; இழந்த செவிப்புலன் பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஆகையால் இயர்போனுக்கென்று ஆம்ப்ளிஃபையர் வாங்கச் செல்பவர்கள் எத்தனை வாட் என்று விசாரிப்பதற்கு முன்னால் அவுட்புட் இம்பீடன்ஸ் எத்தனை ஓம், இரைச்சல் எவ்வளவு, கெயினைத் தாழ்த்த விசை உண்டா என்று கேளுங்கள். பல ஒலிப்பான்கள் உள்ள இயர்போனாயின் ஒரு ஓமுக்கு மேற்பட்ட கருவியைத் தவிர்த்துவிடுங்கள். எந்தக் கருவியானாலும், வால்யூமை முற்றிலும் தாழ்த்திய பிறகே இயர்போனைக் காதில் வையுங்கள்.