வாசலில் தெரிவது மருத்துவருக்கும் தெரியட்டும்

எனக்குச் சொந்த ஊர் தெள்ளார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: "சார், போன மாசம் மஞ்சளா குடுத்தீங்க, இப்ப வெள்ளையா இருக்குதே?"

கேட்டவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. கேட்காமல் வாங்கிப் போனவர்களை நினைத்துத்தான் கவலை. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை, 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு வாங்குகிறது. டெண்டரில் கம்பெனி மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில் வரலாம். வீட்டில் பழையது மிச்சமிருந்தால், இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்தே விழுங்கிவிடுவார்கள். தனியார் டாக்டர் கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்ததும், இங்கே நாங்கள் கொடுத்ததும் ஒரே மருந்தாக இருந்துவிடுவதும் உண்டு.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர், இயன்முறை சிகிச்சையாளர், நோய் ஆதரவு செவிலியர் என்று ஒரு குழுவே வீடு தேடி வருகிறது. 2024-ல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் கவனிக்கும் கைகள் கூடும்போது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் தகவல் நழுவுகிற இடங்களும் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துப் பாதுகாப்புக்காகத் தொடங்கிய இயக்கம் முக்கியமாகக் கவனிக்கச் சொன்ன மூன்றில் இரண்டு இவைதான்: ஒருவரே பல மருந்து சாப்பிடுவது, நோயாளி ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாறுவது.

ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுகருக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். அதைக் காலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். சேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய வாரத்தில் இவர் ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிடுவார். சாப்பிடப் பதினொன்றாகிவிடும். பத்து மணிக்கெல்லாம் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். புழுக்கம் என்று நினைத்துக்கொள்வார். ஓ.பி. கூட்டத்தில் மருத்துவர் கண்ணில் படுவது சுகர் அளவு மட்டும்தான். அது கூடியிருந்தால் மாத்திரையையும் கூட்டுவார். நடுக்கம் இன்னும் அதிகமாகும்.

இவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று யாருக்குத் தெரியும்? இவரை "அண்ணா" என்று கூப்பிட்டு வாசலில் பிரஷர் பார்க்கும் தன்னார்வலருக்குத் தெரியும். குழுவில் சம்பளமும் அதிகாரமும் குறைந்தவர் அவர். பாதுகாப்புக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கிறது. நமது அமைப்பிலோ உத்தரவு கீழே இறங்குகிற வேகத்தில் தகவல் மேலே ஏறுவதில்லை.

அது ஏறுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை. என்ன நடக்கிறது, பின்னணி என்ன, எனக்கு என்ன படுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று நான்கே வாக்கியம். "மேடம், தறிக்கார அண்ணனுக்குப் பத்து மணிக்கு நடுக்கம் வருது. சுகர் மாத்திரை போட்டுட்டு லேட்டா சாப்பிடறாரு. சுகர் இறங்குதுன்னு நினைக்கிறேன். டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" கேட்ட செவிலியர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டால், தகவல் சேர்ந்துவிட்டது என்று நம்பலாம்.

நோயாளியிடமும் இதே வழக்கம் வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்ல போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்டால்தான் குழப்பம் வெளியே வரும். வீட்டிலிருக்கும் அத்தனை மாத்திரையையும், தனியாரில் வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னால் இரட்டை மருந்து அங்கேயே பிடிபடும்.

ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை பேருக்கு பிரஷர் பார்த்தீர்கள், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தீர்கள் என்று கணக்குக் கேட்கிறோம். கூடவே, "எந்த வீட்டில் எது சரியில்லை என்று உங்களுக்குப் பட்டது?" என்றும் கேட்கலாம். பதில் சொல்பவரைத் திட்டக் கூடாது. திட்டு வாங்கியவர் அடுத்த மாதம் கணக்கு மட்டும்தான் சொல்வார்.